உருகிய பாக்ஸும் மூன்று வோல்ட்டும்

பாப்பா,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு ஓட்டை மட்டும் கருகி வாயைக் கோணிக்கொண்டு நிற்கிறது, மற்றதெல்லாம் புதுசு மாதிரியே இருக்கிறது. உங்கம்மா பார்த்த உடனே, ஓசூர் வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தண்டையார்பேட்டைக்கே வரச் சொல்லு என்று ஆரம்பித்துவிட்டாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ போட்ட கணக்கு சரிதான். வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு 1500 வாட்ஸ், அதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர், 230-ஐ அந்த ஆறரையால் வகுத்தால் 35 ஓம், அதுதான் ராடு கரண்டைத் தடுக்கிற அளவு, ரெசிஸ்டன்ஸ். ஆறு ஆம்பியர் பாக்ஸில் அரை ஆம்பியர்தானே கூடுதல், அதுக்குப் போய் உருகுமா என்று கேட்டிருக்கிறாய். ராடை அதில் சொருகியதே தப்பு, அது 16 ஆம்பியர் பிளக்கில் போட வேண்டியது. ஆனாலும் நீ கேட்டது நல்ல கேள்வி. அதே ஆறரை ஆம்பியர் வயர் முழுக்கத்தான் ஓடியது, வயர் இளகவில்லை, அந்த ஓட்டை மட்டும் ஏன் வெந்தது?

லூஸ் கான்டாக்ட். சொருகினால் பிளக் ஆடியிருக்கும், காதை வைத்துக் கேட்டிருந்தால் சர்ரென்று ஒரு சத்தம்கூட வந்திருக்கும். உள்ளே இருக்கிற பித்தளைத் தகடு பிடியை விட்டால் அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். அரை ஓம் என்றே வைத்துக்கொள். இப்போது 'வோல்ட் ஸ்கொயர் வகுத்தல் ஓம்' என்று படித்த ஞாபகத்தில் 230-ஐ 230-ஆலேயே பெருக்கி அரையால் வகுத்தாய் என்றால், ஒரு லட்சத்து ஐயாயிரம் வாட்ஸுக்கு மேலே வரும்! தெருமுனையில் இருப்பது 100 கேவிஏ, அதாவது சுமார் ஒரு லட்சம் வாட்ஸ் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அதையே முழுங்குகிற கணக்கு அது. புதுசாக வேலைக்கு வரும் பையன்கள் நிறைய பேர் விழுகிற இடம் இதுதான். 230 என்பது ராடும் லூஸ் இடமும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளும் வோல்ட். எந்தப் பொருளுக்குக் கணக்குப் போடுகிறாயோ அதன் ரெண்டு முனைக்கும் நடுவில் என்ன வோல்ட் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆம்பியர் ரெண்டுக்கும் ஒன்றுதான், ஆறரை. அரை ஓமால் பெருக்கினால் மூன்றேகால் வோல்ட். அதையே மறுபடியும் ஆறரையால் பெருக்கு, 21 வாட்ஸ்.

21 தானே என்று நினைக்காதே. என் பையில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ். ஈயத்தை உருக்குகிற அதை அந்த ஓட்டைக்குள் அரை மணி நேரம் செருகி வைத்தால் என்ன ஆகும், அதுதான் ஆகியிருக்கிறது. மூன்று வோல்ட் குறைந்ததால் தண்ணீர் சூடாவதில் உனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. காசிமேடு பக்கம் வேலைக்குப் போனால் இதை நிறைய பார்ப்பேன், உப்புக்காற்றில் பின்னெல்லாம் பச்சையாகக் களிம்பு ஏறி, ஸ்விட்ச் போர்டு வெதுவெதுவென்று இருக்கும்.

அந்த லட்சம் வாட்ஸ் கணக்கு பொருந்துகிற இடமும் உண்டு, நானே பட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஐஸ் ஃபேக்டரியில் ஹெல்ப்பராக இருந்தேன். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை ஆம்பியர் பார்க்கிற ஓட்டையில் விட்டுவிட்டு, அதை மறந்து, ரெண்டு ஃபேஸுக்கு, அதாவது கரண்ட் வருகிற ரெண்டு லைனுக்கு நடுவில் வோல்ட் பார்க்கக் குறுக்கே வைத்தேன். டமால்! ஆம்பியர் ஓட்டைக்குள் ரெசிஸ்டன்ஸ் இல்லை என்றே சொல்லலாம், முழு 415 வோல்ட்டும் அதன் தலையிலேயே விழுந்தது. முனை ரெண்டும் ஆவியாகிப் போச்சு, புருவம் முளைக்க ஒரு மாதம் ஆச்சு. உங்கள் கம்பெனியில் வயரைச் சுற்றி வெளியே மாட்டியே ஆம்பியர் பார்க்கிற கிளாம்ப் மீட்டர் இருந்தால் அதையே கேட்டு வாங்கு, ஒற்றை வயரைச் சுற்றி மட்டும் மாட்டு, கேபிளோடு சேர்த்து மாட்டினால் போகிறதும் வருகிறதும் கழிந்து சைபர் காட்டும்.

அப்புறம், லோ வோல்டேஜில் ராடு அதிகம் கரண்ட் இழுக்கும் என்று உன் ரூம் பெண் சொன்னாளே, அது மோட்டாருக்குச் சொல்வது. ராடின் 35 ஓம் அப்படியேதான் இருக்கும். 180 வோல்ட் வந்தால் ஐந்து ஆம்பியர்தான் இழுக்கும், 1500 வாட்ஸ் 920 ஆகிவிடும், இருபது நிமிஷத்தில் கொதிக்கிறது முப்பத்து மூன்று நிமிஷம் ஆகும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா பையன் அங்கே வருகிறான். 16 ஆம்பியர் பிளக் டாப் ஒன்றும், வஞ்சிரக் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன். பாத்ரூம் பக்கத்தில் பெரிய ஓட்டை பாயின்ட் இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல், இருந்தால் எக்ஸ்டென்ஷனே வேண்டாம். அதுவரை வெந்நீர் கேஸ் அடுப்பில்தான். ராடு வயரின் முனையை ஒரு இன்ச் வெட்டிப் போடு, கருகிய செம்பை மறுபடி முடுக்காதே. பச்சை வயர் எர்த், மேலே தனியாக இருக்கிற பெரிய பின்னில் போகணும். ஸ்க்ரூ முடுக்கிவிட்டு மூன்று வயரையும் ஒரு தடவை இழுத்துப் பார். மூடியை மாட்டாமல் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்து சரி என்று சொன்ன பிறகு சொருகு.

அப்பா