கோரிக்கை மனு: புகாருக்கு உள்ளான ஆய்வு நெறியாளரின் கையெழுத்திலிருந்து ஆராய்ச்சி மாணவியரை விடுவிக்க வேண்டி

அனுப்புநர்
பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் துணைக் குழு

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் அளித்த இரண்டு மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புறவழிச்சாலையைத் தாண்டி இருக்கும் எங்கள் வளாகம் தாங்கள் அறிந்ததே. பட்டமளிப்பு விழா அரங்கத்துக்குப் பின்னால்தான் ஆய்வுக்கூடங்கள். பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் புகார் எழுதவும் விசாரணைக்குச் சென்று வரவும் துணை நிற்கும் மாணவர்கள் நாங்கள். முந்தைய மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டுமே கிடைத்தது. ஆகவே மூன்றாவது முறையாகப் பணிந்து வேண்டுகிறோம்.

1. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழு பெயர்ப் பலகையில் மட்டும்தான் இருக்கிறது. மாணவர் தொடர்பான புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி நிலைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் அதில் இடம்பெற வேண்டும் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள். தேர்தலே நடக்கவில்லை.

2. புகாரின் நகல் 7 நாளில் எதிர்தரப்புக்குப் போக வேண்டும். 10 நாளில் பதில் வர வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். இங்கே தபால் பிரிவைத் தாண்டவே வாரக்கணக்கில் ஆகிறது.

3. எல்லாவற்றையும்விட வதைப்பது கையெழுத்து. உதவித்தொகை பெறும் மாணவி மாதந்தோறும் வருகைச் சான்று தர வேண்டும். அரைப்பக்கத் தாள்: இடப்பக்கம் மாணவி கையெழுத்து, வலப்பக்கம் நெறியாளர் கையெழுத்து, நடுவே துறைத்தலைவர் முத்திரை. வலப்பக்கம் காலியாக இருந்தால் அலுவலகம் வாங்காது. வாங்காவிட்டால் மாதம் ரூ.37,000 வராது. அது வராவிட்டால் மெஸ் பாக்கி ஏறும். பாக்கி இருந்தால் நிலுவையின்மைச் சான்று கிடையாது. அந்தச் சான்று இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. ஆறு மாத முன்னேற்ற அறிக்கை, கருத்தரங்க அனுமதி, விடுப்பு, வேதிப்பொருள் வாங்கும் இண்டென்ட் (கோரிக்கைச் சீட்டு), அத்தனைக்கும் அதே கையெழுத்துதான். யார் மீது புகார் கொடுத்தாரோ அவருடைய அறைக்கதவையே மாதாமாதம் போய்த் தட்ட வேண்டும். புகாரை வாபஸ் வாங்கு என்று எவரும் வாய் திறந்து மிரட்டத் தேவையில்லை. தாளை மேசைமேல் வைத்துவிட்டு அவர் பேனாவை எடுக்கும்வரை நிற்கும் நேரமே போதும்.

விசாரணைக் காலத்தில் எதிர்தரப்பினர் புகார்தாரரின் பணியையோ தேர்வையோ மதிப்பிடக் கூடாதென இடைக்காலமாகத் தடுக்க அதே 2015 விதிமுறைகள் வழி வைத்திருக்கின்றன. புகார்தாரருக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம். ஆனால் கேட்டால், அந்தப் பொருளில் வேறு நெறியாளர் இல்லை என்கிறார்கள். வேண்டுமானால் நீயே தேடிக்கொள் என்கிறார்கள். சக பேராசிரியரைப் பகைக்க யார் முன்வருவார்? ஐயா, தண்டனை யாருக்கு?

4. முந்தைய மனுக்கள் 'உரிய நடவடிக்கைக்காக' எங்கே போயின தெரியுமா? நாங்கள் யார்மீது முறையிட்டோமோ அந்த அலுவலகத்துக்கே! 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகப் பாலியல் வன்கொடுமை வழக்கில், மாணவியின் அடையாள விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து, பாதிக்கப்பட்ட மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக ரூ.25 லட்சம் வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் இப்படியா? இந்த மனுவில் யார் பெயரும் இல்லை, காரணம் அதுதான். தங்கள் அலுவலகத்தில் நேரில் வரச் சொன்னால் விவரங்களோடு வருகிறோம்.

5. புகார் நிலுவையில் உள்ள ஒவ்வொருவருக்கும் நெறியாளர் இடத்தில் துறைத்தலைவரோ, புகாருக்கு உள்ளானவர் அவராகவே இருந்தால் புலத்தலைவரோ (டீன்) கையெழுத்திடச் செய்யுங்கள். ஒரு பக்க உத்தரவு போதும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, உள்ளகப் புகார்க் குழுவிடமிருந்து மாவட்ட அலுவலருக்கு வர வேண்டிய ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

மீண்டும் வேண்டுகிறோம், ஐயா: மற்றவை பிறகு ஆகட்டும், முதலில் அந்தக் கையெழுத்தை மாற்றித் தாருங்கள். அடுத்த வருகைச் சான்றை வரும் ஐந்தாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
துணைக் குழு மாணவ மாணவியர்