பாட்டியின் மரப்படியும் உன் பட்டியலும்

அஸ்தம்பட்டி, சேலம்

கண்ணு,

நீ அனுப்பிய பட்டியலை மூன்று முறை படித்துவிட்டேன். போனில் பேசினால் நான்காவது வாக்கியத்திலேயே இருவருக்கும் குரல் ஏறிவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நம் ஸ்கார்ப்பியோ வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும், பெரிய டயர் போட வேண்டும், முன்னால் இரும்புக் கம்பி, கூரைமேல் விளக்கு வரிசை, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், பக்கவாட்டில் புகைபோக்கி மாதிரி ஏதோ ஒன்று. மே மாதம் நீ வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று பணமும் அனுப்பிவிட்டாய். அதில் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது. நீ சொன்ன எதற்கும் இல்லை.

கோபப்படாமல் முதலில் இதைப் படி. தை மாதக் கடைசியில் நடந்தது. உன்னிடம் அப்போது சொல்லவில்லை, பயப்படுவாய் என்று.

நாகலூர்த் தோட்டத்தில் மிளகு பறித்து முடித்து, ஆறு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். நடு சீட்டில் பாட்டி. ஓட்டியது அப்பா. அவர் ஓட்டும் விதம் உனக்குத் தெரியும். மூன்றாவது கியரில் போட்டுவிட்டு, இறக்கம் முழுவதும் பிரேக்கில் காலை வைத்தபடியே வருவார். 'இரண்டாவதுக்கு மாற்றுங்கள்' என்றால், இன்ஜின் கத்துகிறது, டீசல் வீணாகிறது என்பார். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். வண்டியும் மூட்டையும் ஆட்களுமாக இரண்டு டன்னுக்கு மேல். அத்தனை வேகத்தையும் முன் சக்கரத்து இரண்டு டிஸ்க்கும் பின் சக்கரத்து இரண்டு டிரம்மும் சூடாக்கிச் சூடாக்கி விழுங்க வேண்டும்.

பாதி வழி தாண்டியிருப்போம். ஒரு கருகல் வாடை வந்தது. பாட்டிதான் முதலில், 'யாரோ குப்பை கொளுத்துகிறார்கள்' என்றார். அடுத்த வளைவில் அப்பா மிதித்தார். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. 'இரண்டு, இரண்டு' என்று கத்தினேன். போட்டார். வேகம் குறைந்ததும் முதல் கியர். நான் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். வளைவு தாண்டியதும் இருந்த அகலமான இடத்தில் மலைப்பக்கச் சுவரை ஒட்டி நின்றுவிட்டது. எதிரே ஏறி வந்துகொண்டிருந்த பஸ் ஓட்டுநர் நிலைமையைப் பார்த்துத் தன் வண்டியைக் கீழேயே நிறுத்திக்கொண்டார். அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லக்கூட எனக்கு நா எழவில்லை. முக்கால் மணி நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தோம். குரங்குகள் வந்து எங்கள் கொய்யாப்பழங்களைத் தின்றுவிட்டுப் போயின. சூடு ஆறிய பிறகு பெடல் பழையபடி கெட்டியாக வந்தது. மீதி வளைவுகள் அனைத்தையும் நான்தான் ஓட்டினேன், முதலிலும் இரண்டாவதிலும் மட்டுமே.

மறுநாள் கோரிமேட்டுப் பக்கம் இருக்கும் நம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பிரேக் ஆயிலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டினார். நான் காபிக்காரி, பார்த்ததும் இரண்டாம் டிகாக்‌ஷன் என்றேன். சிரித்தார். புது ஆயில் ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு நிறத்தில் இருக்கும். இது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் சரக்கு. டாட் 4 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்கும். நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு ஈரம் ஏறிவிட்டால் அந்தத் தாங்கும் அளவு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆயிலை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினால் ஆவிதான் நசுங்கும். அதுதான் அந்தப் பஞ்சு மாதிரியான மிதி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. போன வருடம் அவசரத்துக்கு வேறொரு பட்டறையில் சர்வீஸ் விட்டேன் அல்லவா, அந்த ரசீதில் 'பிரேக் ஆயில் மாற்றியது' என்று எழுதிக் காசும் வாங்கியிருக்கிறார்கள். மூடியைக்கூடத் திறந்திருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து எந்தப் பட்டறையானாலும் பழைய ஆயிலைப் பாட்டிலில் பிடித்துக் கையில் கொடுத்தால்தான் பணம் தருகிறேன். பைத்தியக்காரி என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நினைக்கட்டும்.

உன் பணம் போன வழி இதுதான்: பிரேக் ஆயில், முன் பேட், தீய்ந்துபோன பின் ஷூ, முன் சக்கரங்களைத் தாங்கும் பாகங்களில் இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் புஷ், ஒரு பால் ஜாயின்ட், நான்கு டயர், அலைன்மென்ட். டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுபள்ளம், நன்றாகவே இருந்தது, அப்பா இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்றார். ஆனால் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும் பார், 2318 என்று போட்டிருந்தது. 2018-ஆம் வருடத்து 23-ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் இறுகி, நகத்தால் அழுத்தினால் பலகை மாதிரி இருந்தது. மழையில் ஏற்காட்டுச் சாலை ஓரத்துப் பாசியில் அது என்ன பிடிக்கும்?

இனி உன் பட்டியல்.

பெரிய டயர் வேண்டாம் என்பதற்கு என் காரணம் சட்டமல்ல, அந்த இறக்கம்தான். டயரின் விட்டம் நூற்றுக்கு ஐந்து கூடினால், வேகம் காட்டும் முள் 60 காட்டும்போது வண்டி 63-இல் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சக்கரம் பெரிதாகப் பெரிதாக, இரண்டாவது கியர் வண்டியை இழுத்துப் பிடிக்கும் பிடி தளர்ந்துபோகும், பிரேக்குக்கும் கூடுதல் பளு. அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது கியரின் பிடிதான். அதில் ஒரு துளியையும் அழகுக்காக விட்டுத்தர எனக்கு மனமில்லை. உயரம் கூட்டுவதும் அப்படியே. ஏற்கெனவே இது நெடிய வண்டி, வளைவில் சாய்கிறது. இன்னும் தூக்கினால் இன்னும் சாயும்.

முன்னால் இரும்புக் கம்பி: 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி அது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. மோதினால் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். கம்பி போட்டால் அந்த அடி நேராக வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போகும், காற்றுப்பைக்கு எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் தப்பலாம். குறுக்கே வரும் மனிதனுக்கு என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. கறுப்புத் தாள்: முன், பின் கண்ணாடி வழியாக 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடி வழியாக 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. நீ படம் அனுப்பிய தாளைப் பார்த்தால் பகல் பன்னிரண்டு மணிக்கே டார்ச் வேண்டும். நமக்கு ஒளித்துவைக்க என்ன இருக்கிறது, மிளகு மூட்டையைத் தவிர? அந்தப் புகைபோக்கி எதற்கென்று அப்பாவிடம் கேட்டேன். ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் போவதற்காம். மேட்டூரிலேயே தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்கும் ஊர் இது. அதை நான் படித்ததாகவே வைத்துக்கொள்ளவில்லை.

உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது, தயாரித்தவர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று. நம் ஸ்கார்ப்பியோ 2014 கடைசியில் வாங்கியது. 2029-இல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு அங்கே நிற்கப்போவது நான், நீ அல்ல.

விளக்கு விஷயத்தில் மட்டும் உன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒண்டிக்கடை தாண்டியதும் மூட்டம் வந்து மூடிக்கொள்கிறது. சில நாள் பானெட்டின் நுனிகூடத் தெரியாது. ஆனால் கூரைமேல் விளக்கு வைத்தால் மூட்டத்தில் வெள்ளைச் சுவர் எழுப்பியது மாதிரி ஆகிவிடும், ஹைபீம் போட்டால் ஆவதைப் போலத்தான். வெளிச்சம் உன் கண்ணுக்கு மிக அருகிலிருந்து கிளம்பி நீர்த்துளியில் பட்டு நேராக உன் கண்ணுக்கே திரும்பி வருகிறது. அதனால்தான் மூட்ட விளக்கைக் கீழே பம்பரில் வைக்கிறார்கள். மஞ்சள் நிறம் மூட்டத்தைத் துளைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். துளைப்பதெல்லாம் இல்லை, கண் கூசுவது குறையும், அவ்வளவுதான். என் வயதுக் கண்ணுக்கு அதுவே பெரிது. பம்பரில் ஏற்கெனவே உள்ள மூட்ட விளக்கில் அதே வாட்டில் மஞ்சள் பல்பு மாற்றிவிட்டேன். இது உன் பட்டியலில் நிறைவேறிய முதல் கோரிக்கை.

இரண்டாவதாகப் பின்பக்கக் கேமரா. இது நீ கேட்காமல் நானே சேர்த்தது. தோட்டத்து வாயிலில் பின்னோக்கி எடுக்கும்போது இரண்டு முறை சில்வர் ஓக் மரத்தில் இடித்திருக்கிறேன். ஒயரை வெட்டாமல் கப்ளர் என்ற செருகி வழியாகவே இணைக்க வேண்டும் என்று நின்று பார்த்து வாங்கினேன். ஒயர் என்றதும் நினைவு வருகிறது, ஐப்பசியில் எலி உள்ளே புகுந்து இன்ஜின் ஒயரைக் கடித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா புகையிலையைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். விட்டேன். மறுநாள் புகையிலையும் இல்லை, இன்னொரு ஒயரும் இல்லை. சேலத்து எலிக்குப் புகையிலைப் பழக்கம் இருக்கிறது. இப்போது அடியில் கம்பி வலை அடித்து, இரவில் பானெட்டைத் திறந்துவைத்து, மேலே ஒரு பல்பு எரியவிடுகிறேன். நான்கு மாதமாக வரவில்லை. வண்டிக்குள் தட்டுவடை செட் தின்பதையும் தடை செய்துவிட்டேன். அப்பாவுக்கு அதுதான் வருத்தம்.

நம் வண்டியில் மாற்றமே செய்யவில்லை என்று எழுதியிருந்தாய். செய்திருக்கிறோம், நீதான் கவனிக்கவில்லை. பின் சீட்டை மடித்துத் தரையில் போட்டிருக்கும் தார்ப்பாய், மிளகுத் தூசி உள்ளே இறங்காமல் இருக்க லீ பஜாரில் அளவு கொடுத்து வாங்கியது. முன் இருக்கைக்குப் பின்னால் கண்ணிவைத்துத் தைத்த பை, பாட்டியின் மருந்துக்கும் வெற்றிலைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த மரப்படி. பாட்டியால் வண்டியில் ஏற முடியாமல் போனபோது, தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த சில்வர் ஓக்கிலிருந்து நாகலூர்த் தச்சர் செய்து கொடுத்தது. ஒன்பது அங்குல உயரம், மேலே பழைய டயர்த் துண்டு ஆணியடித்தது, காலில் வழுக்காமல் இருக்க. ஒரு பக்கம் கயிறு. பாட்டி ஏறி உட்கார்ந்ததும் கயிற்றை இழுத்துத் தானே மேலே எடுத்துக் காலடியில் வைத்துக்கொள்வார். யாரையும் தொட விடமாட்டார். நீ வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினால் அந்தப் படி எட்டாது. இன்னொன்று செய்யலாமே என்பாய். அவருக்கு எண்பத்து மூன்று வயது. அந்த ஒன்பது அங்குலத்துக்குத்தான் அவர் முழங்கால் பழகியிருக்கிறது.

நீ வந்ததும் மலைக்கு நீயே ஓட்டு. ஏறும் வண்டிக்கு வழி விடு. மேலே போய்ச் சேர்ந்ததும் சாவியை உடனே திருகிவிடாதே. டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிவிட்டு வந்திருக்கும், ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டால் ஆயில் அதைக் குளிர்விக்கும். இறங்கும்போது இரண்டாவது. குப்பனூர் வழியாக இறங்கினாலும் இரண்டாவதுதான்.

மீதிப் பணம் அலமாரியில், வண்டிக் கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது. நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பார், 1,38,000 கிலோமீட்டருக்கும் எழுதியிருக்கிறேன். புனேயிலிருந்து வரும்போது டயருக்கு நல்லதாக ஒரு காற்றழுத்தமானி வாங்கிக்கொண்டு வா. இங்கே பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் ஒரு அளவு காட்டுகிறது.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கடிதத்தை அப்பா வாங்கிப் படித்தார். மூன்றாவது கியர் என்று வரும் இடத்தை மட்டும் அடித்துவிடச் சொன்னார். அடிக்கவில்லை.