லேசர் செய்துகொள்ளலாமா? கண்ணாடி அணியும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பரீட்சை முடிந்த கையோடு கடைக்கு வரும் பிள்ளைகளும், வரன் பார்க்கத் தொடங்கிவிட்ட வீட்டுப் பெற்றோரும் எங்களிடம் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "கண்ணாடியே வேண்டாம், லேசர் பண்ணிக்கலாமா? எவ்வளவு ஆகும்?" கண்ணாடி விற்பவர்களிடம் இதைக் கேட்கலாமா என்று சிலர் தயங்குவதும் தெரிகிறது. தயங்காமல் கேளுங்கள். தகுதியுள்ள கண்ணுக்கு லேசர் நல்ல சிகிச்சை. எங்கள் வாடிக்கையாளர்களில் செய்துகொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் எந்த முறை, என்ன செலவு என்பதற்கெல்லாம் முன்னால், உங்கள் கருவிழி அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

கண்ணின் முன்பக்கத்தைக் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல மூடியிருக்கும் தெளிவான பகுதிதான் கருவிழி. ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. மைனஸ் பவர் உள்ளவருக்கு அதன் நடுப்பகுதியை லேசரால் கொஞ்சம் தட்டையாக்குகிறார்கள். அவ்வளவுதான் இதன் அடிப்படை. இதற்குப் பயன்படும் எக்ஸைமர் லேசர், சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் நுண்ணிய அளவில் செதுக்கும் என்பதை 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் மூவர் கண்டறிந்தார்கள். அவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியில்தான் அதை முதலில் சோதித்தார். நம் ஊரில் படித்தவர் என்பதால் இதைச் சொல்லும்போது எங்களுக்குத் தனிப் பெருமை.

இனி கணக்குக்கு வருவோம். கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 520 முதல் 550 மைக்ரான் தடிமன் இருக்கும்; அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். லாசிக் முறையில் மேலே சுமார் 110 மைக்ரானுக்கு ஒரு மெல்லிய மூடியைப் பிரித்து, அதைத் திறந்துவைத்துக்கொண்டு அடியில் லேசர் பாய்ச்சுகிறார்கள். ஒரு பவர் குறைக்கத் தோராயமாக 14 மைக்ரான் செலவாகும். கருவிழி 540, பவர் மைனஸ் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிக்கு 110, லேசருக்கு 56 போக, 374 மிஞ்சும், கவலையில்லை. அதுவே கருவிழி 480, பவர் மைனஸ் 8 என்றால் 258தான் மிஞ்சும். அடியில் குறைந்தது 250, முடிந்தால் 300 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பார்கள். மெலிந்த கருவிழி உள்ளழுத்தம் தாங்காமல் நாளடைவில் முன்னால் பிதுங்கிவிட்டால், பார்வை கண்ணாடி போட்டும் தெளியாது. அக்காவுக்கு நன்றாக வந்ததே, தங்கைக்கு ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில்.

மூடி எடுக்காமலே செய்வது பி.ஆர்.கே. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசர் பாய்ச்சுவார்கள். கருவிழி கொஞ்சம் மெலிதாக இருப்பவர்களுக்கும், மோதல், அடிதடி உள்ள விளையாட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும். மூன்று நான்கு நாள் வலியும் எரிச்சலும் இருக்கும், பார்வை தெளியச் சில வாரம் பிடிக்கும். ஸ்மைல் முறையில் உள்ளுக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை லேசரால் வெட்டி, 2 முதல் 4 மில்லிமீட்டர் துளை வழியாக உருவி எடுக்கிறார்கள். பெரும்பாலும் மைனஸ் பவருக்குத்தான். மைனஸ் பத்து, பன்னிரண்டு என்று போகிறவர்களுக்கு லேசரே வேண்டாம். கண்ணின் சொந்த லென்ஸுக்கு முன்னால் ஐ.சி.எல். என்ற மெல்லிய லென்ஸைப் பொருத்தலாம், தேவைப்பட்டால் எடுத்துவிடலாம். அதற்குக் கண்ணுக்குள் போதிய இடம் இருக்க வேண்டும்.

விளம்பரத்தில் பெயரைப் பார்த்து "எனக்கு ஸ்மைல்தான் வேண்டும்" என்று போய் நிற்காதீர்கள். கருவிழியின் வளைவையும் தடிமனையும் புள்ளி புள்ளியாகக் காட்டும் ஸ்கேன், கண்ணீர்ப் பரிசோதனை, சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை ஆகிய மூன்றும் முடிந்தபின் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். விழித்திரைப் பரிசோதனை மிக முக்கியம். லேசர், கண்ணாடியின் பவரைத்தான் போக்கும். மைனஸ் பவர் உள்ள கண் பெரும்பாலும் சற்று நீண்டிருக்கும்; அதில் விழித்திரை மெலிந்திருக்கும் ஆபத்து அப்படியே இருக்கும். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் ஸ்கேனுக்கு ஓரிரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், கடின லென்ஸ் என்றால் இன்னும் முன்னதாகவே.

பதினெட்டு வயது முடியாதவர்களுக்கும், கடந்த ஓராண்டில் பவர் ஏறியவர்களுக்கும் இப்போது வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் காத்திருக்கலாம். கண்ணை அடிக்கடி கசக்கினால் கருவிழி மெலிந்து பிதுங்கக்கூடும் என்பதால், அந்தப் பழக்கம் உள்ள பிள்ளைகளை முதலில் கருவிழி ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள், லேசர் எண்ணம் இல்லாவிட்டாலும்கூட. வேலைக்குத் தயாராகும் தம்பிகளுக்கு: ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு லாசிக் செய்தவர்கள் தகுதியில்லை என்று அறிவிக்கையிலேயே போடுகிறார்கள். சீருடைப் பணிகளிலும் விதி பணிக்குப் பணி மாறும். படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். செய்தபின் மாற்ற முடியாது.

செய்துகொண்டபின் சில மாதம் கண் உலர்வதும், இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் பலருக்கு உண்டு. பெரும்பாலும் குறைந்துவிடும், சிலருக்கு நீடிக்கும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோரையும் போல வரும், படிக்கக் கண்ணாடி தேவைப்படும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால்தான் பின்னால் மனக்கசப்பு.

கடைசியாக, சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேனையும் பவர் விவரத்தையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள். முப்பது வருடம் கழித்து கண்புரை வந்து உள்ளே லென்ஸ் வைக்கும்போது, லேசர் செய்த கண்ணுக்குச் சரியான பவரைக் கணக்கிடுவது கடினம். இந்தக் காகிதங்கள் அன்றைக்கு உதவும். கண் அழுத்தம் பார்க்கும்போதும் லேசர் செய்ததைச் சொல்லிவிடுங்கள், அளவு குறைத்துக் காட்டும்.

உங்கள் பவர் நிலையாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், எங்கள் பதிவேட்டில் உள்ள பழைய விவரங்களைக் கட்டணமின்றி எழுதித் தருகிறோம். வீட்டில் பழைய கண்ணாடி கிடந்தால் எடுத்து வாருங்கள், அதன் பவரையும் லென்ஸ்மீட்டரில் வைத்துப் பார்த்துச் சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் கண்ணாடிக் கடையினர்