மனு வாங்கினால் போதாது, சபையில் பதில் சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கும்போதெல்லாம் எந்தத் தலைவர் மக்களோடு நெருக்கமாக இருக்கிறார் என்ற விவாதம் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு கூட்டம் திரண்டது, வேட்பாளர் எந்தக் கடையில் தேநீர் குடித்தார், எந்த வயலில் இறங்கி நாற்று நட்டார், யார் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைத்தார் என்பவையே அங்கே சான்றுகளாக வைக்கப்படுகின்றன. இவை எதுவும் நெருக்கத்தை அளக்க உதவாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வாக்காளர் தன் ஊரார் முன்னிலையில் ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்குப் பதில் பெற்று, பதில் சரியில்லை என்றால் அதே கேள்வியை மறுபடியும் கேட்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் அரசியல்வாதிக்கும் மக்களுக்கும் உள்ள உறவை அளக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நம் மாநிலத்தில் ஆண்ட கட்சிகளும் ஆளத் துடிக்கும் கட்சிகளும் ஒன்றுபோலவே பின்தங்கி நிற்கின்றன.

2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் தமிழக வெற்றிக் கழகத்தின் பிரசாரக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. பொறுப்பு யாருடையது என்பதை விசாரணை முடிவு செய்யட்டும். நான் கேட்பது வேறு. மணிக்கணக்கில் காத்துக்கிடந்த அந்த மக்களில் ஒருவருக்காவது, வந்த தலைவரிடம் தன் ஊர்ப் பிரச்சினையைச் சொல்லும் வாய்ப்பு அந்த ஏற்பாட்டில் இருந்ததா? வேனின் மேல் நிற்பவர் பேசுவார், கீழே நிற்பவர்கள் கைபேசியை உயர்த்திப் படம் எடுப்பார்கள், வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்த ஒரு கட்சி மட்டும் இப்படிச் செய்யவில்லை. எல்லாப் பெரிய கட்சிகளின் பிரசாரமும் இன்று இந்த முறையில்தான் நடக்கிறது. கூட்டத்தின் அளவையே செல்வாக்கின் அளவாக எழுதும் வழக்கத்தை ஊடகங்களும் கைவிட வேண்டும்.

எங்கள் கொங்குப் பகுதியில் சட்டமன்ற உறுப்பினரைச் சாதாரண மக்கள் நேரில் பார்ப்பது பெரும்பாலும் கல்யாண மண்டபத்திலும் காதணி விழாவிலும் துக்க வீட்டிலும்தான். அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடி வந்து ரத்தத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கிளைச் செயலாளர்களை எனக்குத் தெரியும். எந்தப் பதவியும் இல்லாத அவர்கள்தான் பல்லாண்டுகளாகக் கட்சிக்கும் ஊருக்கும் நடுவே நின்றவர்கள். ஆனால் துக்க வீட்டுக்கு வந்தவரிடம் சாக்கடை ஏன் கட்டவில்லை என்று கேட்க நம் பண்பாடு இடம் தராது. அவரும் அதை அறிந்தே வருகிறார். முகம் தெரிகிறது, பெயர் தெரிகிறது, உறவுமுறை சொல்லிக்கூட அழைக்கிறார். கணக்குக் கேட்கும் உரிமை மட்டும் அந்த உறவில் சேர்வதில்லை.

மீதமுள்ள வழி மனு. திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம், 2016-இல் 1100 என்ற எண்ணில் அம்மா அழைப்பு மையம், 2023 டிசம்பரில் கோவையில் தொடங்கப்பட்ட 'மக்களுடன் முதல்வர்', 2025 ஜூலையில் 45 நாள்களில் தீர்வு என்ற உறுதியோடு வந்த 'உங்களுடன் ஸ்டாலின்' என்று ஆட்சி மாறினாலும் மனு வாங்கும் ஏற்பாடு புதுப் பெயரில் தொடர்கிறது. இம்முகாம்களால் பட்டா மாறுதலும் மின் இணைப்புப் பெயர் மாற்றமும் விரைவாகப் பெற்றவர்கள் உண்டு. ஆயினும் மனு என்பது ஒருவர் தனியாகச் சென்று, தனக்காக மட்டும் கேட்டு, தனியாகவே பதில் பெறும் முறை. ஓர் ஊருக்கே குடிநீர் வரவில்லை என்பதை நூறு பேர் நூறு மனுக்களாகக் கொடுத்தால் நூறு ஒப்புகைச் சீட்டுகள் கிடைக்கும். பிறகு, 'தங்கள் மனு சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டு முடித்து வைக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி வரும். அனுப்பியதையே தீர்வாகக் கணக்கிட்டால், அதற்கு மேல் யாரிடம் கேட்பது?

ஊர் கூடிக் கேட்பதற்கு ஓர் இடத்தைச் சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தையும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் சார்ந்து நடக்கும் கிராம சபையில், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்காக இருந்த கூட்டங்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டு இப்போது ஆண்டுக்கு ஆறு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும்.

அந்தக் கூட்டம் நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதை எங்கள் ஊராட்சியில் நான் பார்த்தபடியே எழுதுகிறேன். தொடக்கப்பள்ளி வளாகத்தில் சாமியானா போட்டிருப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கியதும் தேவையான எண்ணிக்கை நிறைந்துவிடும். ஊராட்சிச் செயலர் மேலிடத்திலிருந்து வந்த கூட்டப்பொருளை மூச்சுவிடாமல் வாசிப்பார். கொசு ஒழிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, வரி வசூல் எல்லாம் ஏகமனதாக நிறைவேறும். ஒரு முறை, மயானத்துக்குப் போகும் பாதை மழையில் அறுத்துக்கொண்டு போனதைப் பற்றி வயதான அம்மா ஒருவர் எழுந்து, "போன சபையிலயே தீர்மானம் போட்டீங்களே, அது என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய பற்றாளராக வந்திருந்த அலுவலர் கோப்பை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "மேல அனுப்பியிருக்குதுங்கம்மா, நீங்க தனியா ஒரு மனு எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். ஊரே கூடிப் போட்ட தீர்மானத்தைவிடத் தனி மனுவுக்கு மதிப்பு அதிகம் என்று கிராம சபையிலேயே ஓர் அலுவலர் சொல்கிறார் என்றால், மக்களாட்சியைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறோம் என்றே பொருள். அந்த அலுவலரை நான் குறை கூறமாட்டேன். பாதைக்கு நிதி ஒதுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அதிகாரம் உள்ள சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் அந்தச் சாமியானாவுக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது மட்டும் கிராம சபையின் அருமை இவர்களுக்குத் தெரிகிறது. மக்கள் நீதி மய்யம் தன் தொடக்க நாள்களில் கிராம சபைகளைப் பற்றி ஊர் ஊராகப் பேசியது. திமுக 2019-இல் ஊராட்சி சபைக் கூட்டங்களையும் 2020-இன் இறுதியில் மக்கள் கிராம சபைக் கூட்டங்களையும் நடத்தியது. தரையில் பாய் விரித்துப் பெண்களை முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொன்ன அந்தக் கூட்டங்கள் நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஆட்சிக்கு வந்த பின், சட்டப்படி நடக்கும் உண்மையான கிராம சபையின் தீர்மானங்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது? காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரம் மக்கள் பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்துத் தங்கள் கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றினார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் இருவேறு கருத்துகள் இருக்கலாம். அரசு தன் நிலையில் உறுதியாக இருக்கவும் செய்யலாம். ஆனால் ஊர் எழுத்தில் கேட்டதற்கு ஊர் நடுவே வந்து காரணத்தை விளக்குவது அமைச்சர்களின் கடமை. 2024 மக்களவைத் தேர்தலை அந்த ஊர் புறக்கணித்த இடத்தில்தான் விவகாரம் போய் நின்றது.

பதில் கிடைக்காத வாக்காளர் வேறு வழி தேடுவார். 1996 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். தங்கள் கோரிக்கைகளை அரசு காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் திரண்டு வேட்புமனுத் தாக்கல் செய்ததால், வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட நேர்ந்தது, வாக்குப்பதிவே தள்ளிப்போனது. அதே ஆண்டு ஃபுளோரைடு கலந்த குடிநீரால் எலும்பு வளைந்துபோன மக்களின் துயரத்தைச் சொல்ல இன்றைய தெலங்கானாவில் உள்ள நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். நாடாளுமன்றம் இதற்குச் செய்தது என்ன? சட்டமன்றத் தேர்தலுக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் தொகையை 5,000 ரூபாயாகவும், மக்களவைக்கு 500-ஐ 10,000 ஆகவும் உயர்த்தியது. தேர்தலை நடத்துவதில் உள்ள சிரமத்தை நான் அறிவேன். இருந்தும், ஆயிரம் விவசாயிகள் ஏன் வந்தார்கள் என்று கேட்காமல் அவர்கள் இனி வர முடியாதபடி செய்தது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. டெபாசிட் தொகை மேலும் உயர்ந்திருந்த 2019-இலும் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் மஞ்சள் விவசாயிகள் பணம் கட்டி நிற்கத்தான் செய்தார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். பதவியில் இருந்த உறுப்பினர் தோற்றார். தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் அந்த ஊரிலேயே திறக்கப்பட்டது. மஞ்சள் விளையும் ஈரோட்டிலிருந்து இதைக் கவனித்தவர்கள் நாங்கள்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்தும் பயனில்லாமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீக்கிரையானது. அதன் பிறகு ஆட்சியர் அலுவலக வாசல்களில் திங்கள்தோறும் மனுதாரர்களின் பைகளைச் சோதிக்கும் காவலர்களின் எண்ணிக்கை கூடியது. அந்தச் சோதனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அது வேண்டியதுதான். ஆனால் ஒரே குறைக்காக ஒருவர் பலமுறை மனுக் கொடுக்க வருவதை அந்த வாசலுக்கு உள்ளே இருக்கும் யாராவது கவனிக்கும் ஏற்பாடும் அதே வேகத்தில் வந்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியைப் பணம் நிரப்பிக்கொண்டிருக்கிறது. பணப் பட்டுவாடாவுக்காக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும் 2017-இல் ஆர்.கே. நகரிலும் 2019-இல் வேலூரிலும் தேர்தல் நிறுத்தப்பட்ட மாநிலம் நம்முடையது. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் வாக்காளர்களைக் கொட்டகைகளில் உட்கார வைத்துப் பணம் கொடுத்ததாகப் புகார் எழுந்தபோது நாங்கள் தலைகுனிந்தோம். ஏழை வாக்காளரைப் பேராசைக்காரர் என்று திட்டுவது எளிது. ஐந்து ஆண்டுகளில் ஒருமுறை மட்டுமே தன்னைத் தேடி வருகிறவரிடம், அந்த ஒருமுறையில் கிடைப்பதை வாங்கிக்கொள்கிறார் அவர். கொடுத்தவரோ அன்றோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார். ஒரு தொகுதியில் சராசரியாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கும்போது எல்லோரையும் தனித்தனியே சந்திக்க எந்த உறுப்பினராலும் இயலாது. அதனால்தான் ஊர்ச் சபை தேவைப்படுகிறது.

எனவே நான் கேட்பது புதிய திட்டத்தை அல்ல. ஒவ்வொரு கிராம சபையிலும் முதல் பொருளாக, முந்தைய கூட்டத்தின் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் எந்த அலுவலகத்தில் எந்த நிலையில் உள்ளது, மறுக்கப்பட்டிருந்தால் என்ன காரணம் என்பது எழுத்தில் வாசிக்கப்பட வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் ஆண்டின் ஆறு கூட்ட நாள்களிலும் தம் தொகுதியின் வெவ்வேறு ஊராட்சிகளில் கலந்துகொண்டு, ஆண்டுக்குக் கிடைக்கும் 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியின் கணக்கை அங்கேயே சொல்ல வேண்டும். நகரங்களில் பகுதி சபைகளுக்கும் இதுவே பொருந்தும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடாமல் நடத்துவது. 2016 அக்டோபர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சித் தலைவர்களே இல்லாமல் இருந்தோம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தபோது, தேர்தலுக்குப் பதிலாக மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தெரு விளக்கு எரியவில்லை என்று வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லக்கூடிய ஒரே அரசியல்வாதி வார்டு உறுப்பினர்தான். அவரையே இல்லாமல் செய்துவிட்டு மக்கள் தொடர்பைப் பற்றி எந்தக் கட்சியும் பேசுவது நியாயமில்லை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். தேர்தல் காலத்தில் வேட்பாளர்களின் சொத்து விவரங்களையும் வழக்கு விவரங்களையும் அட்டவணையாக வெளியிடுகிறீர்கள். அது பயனுள்ள பணி. மீண்டும் போட்டியிடும் ஒவ்வொரு உறுப்பினரும் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை கிராம சபைகளில், எந்தெந்த ஊர்களில் கலந்துகொண்டார் என்பதையும் தங்கள் மாவட்டச் செய்தியாளர்கள் கேட்டு அதே அட்டவணையில் சேர்த்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஊராட்சி வாக்காளர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.