இரண்டு நிலாவைப் பார்த்தும் புரியவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வாராவாரம் வரும் மாய உலகத் தொடர்கதையை விடாமல் படிக்கிறவள் நான். கதாசிரியரின் கற்பனையைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்களின் பெயரை விலைபேசும் அந்தச் சந்தையை எழுதியிருந்தாரே, பிரமாதம். என் கோபமெல்லாம் கதாநாயகி மேல்தான்.

பாட்டி வீட்டு அரங்கு அறைக் கதவைத் திறந்து வேறு உலகத்துக்குள் போய்விட்டாள். சரி. வானத்தில் இரண்டு நிலா. ‘சினிமா செட் போலிருக்கிறது’ என்கிறாள். அந்த வாரம் சிரித்துவிட்டேன். அப்புறம், பரிசல்காரருக்கு நிழலே விழவில்லை. வெயில் மங்கல் என்று நினைத்துக்கொள்கிறாள். அரண்மனைச் சுவரில் காணாமல்போன ராணியின் படம், மூக்குத்தி உட்பட அச்சு அசல் இவளேதான். ‘எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே’ என்று அரைப் பக்கம் யோசித்துவிட்டுச் சாப்பிடப் போகிறாள்! உங்கள் ஓவியர் வாராவாரம் இரண்டு நிலாவையும் மறக்காமல் போடுகிறார். அவருக்குத் தெரிந்தது இவளுக்குத் தெரியவில்லை.

எட்டாம் அத்தியாயத்தில் பொறுமை போயே போய்விட்டது. ‘இந்த ஊரில் யாரிடமும் முழுப் பெயரைச் சொல்லிடாதே தாயி, சொன்னால் நீ அவங்க சொத்து’ என்று பரிசல்காரர் ஐந்தாம் அத்தியாயத்திலேயே படித்துப் படித்துச் சொன்னார். மந்திரி பல்லை இளித்துக்கொண்டு பெயர் கேட்டதும் இவள், ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுப்பதுபோல, இனிஷியலோடு ஒப்பிக்கிறாள். இத்தனைக்கும் இவளுக்குச் சென்னையில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பிழை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள்!

நாயகிக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1900இல் வந்த ‘ஓஸ்’ என்ற மாய நாட்டுக் கதையில், அங்கே போய் மாட்டிக்கொண்ட டோரத்தி என்ற சிறுமி வீடு திரும்பும் வழி அவள் காலில் கிடக்கும் வெள்ளிக் காலணியிலேயே இருக்கிறது. கதை முடியும்வரை அவளுக்குத் தெரியாது. ஆனால் காலணியை எடுத்துக் கொடுத்தவர்களுக்கே அதன் மந்திரம் என்னவென்று தெரியாதே! படிக்கிற நமக்கும் தெரியாது. அதனால் அவள் மேல் கோபம் வருவதில்லை. இங்கேயோ நமக்குத் தெரிந்த அத்தனையும் நாயகியின் கண்ணெதிரேதான் நடக்கிறது.

1865இல் வந்த அற்புத உலகக் கதையின் ஆலிஸ் சின்னக் குழந்தை. ‘என்னைக் குடி’ என்று சீட்டுக் கட்டிய புட்டியைப் பார்த்ததும், விஷம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறாள். நார்னியா என்ற மாய உலகக் கதையின் லூசியும் சிறுமிதான். அந்த உலகத்துக்கு வழியான துணி அலமாரிக்குள் நுழையும்போது கதவைச் சாத்தாமல் விடுகிறாள். பனிக்காட்டில் நின்றபடி, வந்த வழி தெரிகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள். அதே கதையில் அவள் சகோதரன் எட்மண்ட் சூனியக்காரியிடம் ஏமாறுகிறான். ஆனால் அவள் கொடுத்த மிட்டாயில் மாயம் இருக்கிறது, அவன் மனதில் அண்ணன் மேல் பொருமல் இருக்கிறது. ஏமாறுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா? நம் பெண்ணுக்கு மந்திரி ஒரு வாய் பானகம்கூடக் கொடுக்கவில்லை.

சினிமா செட் என்று நினைப்பதிலும் தப்பில்லை. 1991இல் வந்த ‘அவுட்லேண்டர்’ நாவலின் கிளேர்கூட, இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து 1743க்குப் போய் விழுந்ததும், படப்பிடிப்பு என்றுதான் முதலில் நினைக்கிறாள். அன்று இரவே ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின்விளக்கும் தெரியாதபோது அவளுக்கு உறைத்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கதையே சூடு பிடிக்கிறது. நர்ஸாக இருந்து கற்ற வைத்தியத்தைச் செய்தால் சூனியக்காரி என்கிறார்கள், உண்மையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், வாயை மூடிக்கொண்டிருந்தால் உளவாளியோ என்று சந்தேகம். விஷயம் தெரிந்தபின் மாட்டிக்கொள்கிறவளைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தெரியாமல் உலாத்துகிறவளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? விக்கிரமாதித்தனிடம் கபட சன்னியாசி விழுந்து வணங்கச் சொன்னபோது, வேதாளத்தின் எச்சரிக்கையை நினைவில் வைத்திருந்த ராஜா, ‘எப்படி என்று நீங்களே செய்து காட்டுங்கள்’ என்றானே! நம் நாயகியாக இருந்தால் அந்த இடத்திலேயே தலை போயிருக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம். நம் சினிமாவில் ‘லூசுப் பெண்’ கதாநாயகி என்று ஒரு வகை உண்டே, அதுதான் பத்திரிகைக்கும் வந்துவிட்டதோ? ஒன்றும் புரியாமல் கண்ணை விரித்தால் அழகு, பக்கத்தில் இருக்கும் இளவரசன் விளக்கம் சொன்னால் காதல்! பெண் வாசகிகளை நம்பி ஓடும் பத்திரிகைக்கு இது அடுக்குமா?

உண்மை வெளியாகிற நேரத்தைத் தள்ளிப்போட்டால்தான் தொடர் நீளும் என்று கதாசிரியர் கணக்குப் போடுகிறார் போலிருக்கிறது. அந்தக் கஷ்டம் புரிகிறது. ஆனால் வாராவாரம் படிக்கிறவர்களுக்குப் போன வாரம் நடந்தது நன்றாகவே நினைவிருக்கும். மந்திரி கையெழுத்து வாங்க ஓலையோடு நிற்கிறார், தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் அந்த ஓலையை அவள் ஒரு தடவையாவது படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பொறுமை இழந்த வாசகி,
ஸ்ரீரங்கம்