நினைவில் இல்லாத நிமிடங்கள்: டெல்டா காவல் நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

விபத்து வழக்குகளை விசாரிக்கும் ஆய்வாளர்களுக்கும் சார்பு ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

விடியற்காலை நாலரைக்குக் கார் வாய்க்காலில் கிடக்கிறது. டிரைவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு) போட்டாயிற்று. ஆறு மணிக்குக் கட்டிலருகே கேள்வி: "தூங்கிட்டியா?" "இல்ல சார், நாய் குறுக்க வந்துச்சு." இரண்டு நாள் கழித்துக் கேட்டால் லாரி வெட்டியது என்கிறார். உடனே பொய்யன் என்று முத்திரை விழுகிறது. பல நேரம் அது பொய்யே இல்லை.

தலையில் அடிபட்டவர் கண் திறந்து பேசுவார், பெயர் ஊர் சொல்வார், ஆஸ்பத்திரிச் சீட்டில் கோமா ஸ்கோர் (சுயநினைவை அளக்கும் மதிப்பெண்) முழு 15 என்றும் இருக்கும். அப்போதும் மூளை புதிதாக எதையும் பதிந்துகொள்ளாமல் இருக்கலாம். நீங்கள் வந்து விசாரித்ததே மறுநாள் அவருக்குத் தெரியாது. அடிபடுவதற்கு முந்தைய நினைவும் அழியும். பழையது மெல்லத் திரும்பும்; மோதலை ஒட்டிய கடைசி நிமிடங்கள் பலருக்குத் திரும்புவதில்லை. தூக்கமும் இதையேதான் செய்கிறது. கண் அசருவதற்குச் சற்று முந்தையவை நினைவில் நிற்பதில்லை. ஒரு நிமிடம் தூங்கி விழித்தவர் தூங்கவேயில்லை என்று சத்தியம் செய்வார். ஆகவே "ஞாபகம் இல்லை" என்பதை வைத்துத் தூங்கினார் என்றும் சொல்ல முடியாது, தூங்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

அந்த இடைவெளியை ஆஸ்பத்திரி வராந்தா நிரப்பிவிடும். மச்சான் சொன்னது, ஆம்புலன்சில் காதில் விழுந்தது, நீங்கள் கேட்ட கேள்வி, எல்லாம் சேர்ந்து அவருடைய சொந்த நினைவாகிவிடும். 1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் விபத்துப் படம் பார்த்தவர்களிடம் கார்களின் வேகம் கேட்டார்கள். கேள்வியில் "மோதியபோது" என்று இருந்தால் சராசரி விடை மணிக்கு 34 மைல். "நொறுங்க மோதியபோது" என்றால் 41. அடிபடாதவர்களுக்கே இப்படி.

எனவே "லாரி வெட்டினானா?" என்று எடுத்துக்கொடுக்காதீர்கள். "கடைசியா எந்த ஊர் தாண்டுனது ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். பாபநாசம் அருகே விபத்து, தஞ்சாவூரிலிருந்து வந்தவருக்கு அய்யம்பேட்டை தாண்டியதே நினைவில்லை என்றால், இரண்டு ஊர்ப் பெயரையும் அப்படியே எழுதுங்கள். கேட்ட மணியையும், அப்போது தெளிவாக இருந்தாரா என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 180ஆம் பிரிவு ஒலி-ஒளிப் பதிவுக்கு இடம் தருகிறது. யார் எந்தச் சொல்லை முதலில் சொன்னார்கள் என்பது அதில் நிற்கும். வேனில் வந்தவர்களைத் தனித்தனியே விசாரியுங்கள். திருநள்ளாறு போக வெள்ளிக்கிழமை இரவு ஏறியவர்களில் பாதிப் பேர் மோதிய பிறகுதான் விழித்திருப்பார்கள். அவர்களும் "கண்ணால் பார்த்தேன்" என்பார்கள்.

அடுத்தது தூக்கக் கணக்கு. எந்தப் படிவத்திலும் கட்டம் தேட வேண்டாம், வாக்குமூலத்திலேயே நான்கு வரி போதும்: நேற்று எழுந்த நேரம், கடந்த மூன்று இரவும் தூங்கிய மணி, வண்டி எடுத்த நேரம், சளிக்கோ அலர்ஜிக்கோ மாத்திரை போட்டாரா. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் தடுமாற்றத்தை ஒத்தது; சட்டத்தின் வரம்போ 30. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவு பத்துக்குச் சென்னையில் கிளம்பும் டிரைவர், உடல் தானாகவே சோர்கிற இரண்டு முதல் ஆறு மணிக்குள்தான் அணைக்கரைப் பக்கம் வருகிறார். ஊதும் கருவியில் பூஜ்யம் காட்டும். அறுவடைக் காலத்தில் நெல் லாரிக்காரர் சங்கதியும் இதுதான், சொல்ல வேண்டியதில்லை.

ஆள் மறந்ததை இடம் சொல்லும், ஜேசிபி வருவதற்கு முன் பார்த்தால். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் மூடினால் வண்டி சுமார் 90 மீட்டர் போய்விடும். தூங்கியவரின் தடம் பிரேக் இல்லாமல், சாய்வாக, நிதானமாக ஓரம் இறங்கும். நாய்க்காகத் திருப்பியவரின் தடம் வெடுக்கென்று வளையும். ஏபிஎஸ் (பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பிரேக் போட்டாலும் கோடு தெளிவாக விழாது, ஆகவே கோடு இல்லை என்பதை மட்டும் வைத்து எழுதிவிடாதீர்கள். வேனின் ஜிபிஎஸ், சுங்கச்சாவடி நேரம், கடைசியாக நின்ற டீக்கடையின் கேமரா மூன்றையும் அன்றைக்கே கேளுங்கள். கேமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும்.

தெளிந்த பிறகு இரண்டாவது வாக்குமூலம் வாங்கும்போது, முதலாவதை அவருக்குப் படித்துக் காட்டாமல் கேளுங்கள். இரண்டையும் கோப்பில் வையுங்கள், ஒன்றையும் கிழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டங்களில் விபத்துச் சிகிச்சையிலும் விபத்து வழக்குகளிலும் பணிபுரிவோர்