கெடு முடிந்துவிட்டது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தாலே நீ கோபப்பட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

விவாகரத்துத் தீர்ப்பின்படி தாம்பரம் ஃபிளாட்டில் உன் பாதியை உன் மனைவியாக இருந்த அந்தப் பெண்ணுக்கு எழுதிக்கொடுக்கக் கோர்ட் கொடுத்த மூன்று மாதக் கெடு போன வாரத்தோடு முடிந்துவிட்டது. "கையெழுத்துப் போட மாட்டேன், என்ன செய்துவிடுவார்கள்" என்று அம்மாவிடம் சொன்னாயாம். கோர்ட் உத்தரவுகளை நேரில் போய் நிறைவேற்றும் அமீனாவாக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்து திருமணச் சட்டத்தில் புருஷன் பெண்டாட்டி சொத்தை ஆளுக்குப் பாதி என்று கோர்ட் தானாகப் பிரிப்பதில்லை. உங்கள் டிக்ரியில், அதாவது கோர்ட் தீர்ப்பாணையில், ஏறியிருப்பது நீங்கள் இருவரும் வக்கீல் வைத்துப் பேசி நீயே கையெழுத்திட்ட ஷரத்துகள். அதன்படி நடப்பேன் என்று நீதிபதியிடம் உறுதிமொழியும் கொடுத்திருக்கிறாய். அதை வேண்டுமென்றே மீறினால் 1971ஆம் வருஷத்து நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் வரும். ஆறு மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். அபராதம் சின்னதாக இருக்கிறதே என்று நினைக்காதே, ஹைகோர்ட்டில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அவள் அங்கே போகாமல் குடும்ப நீதிமன்றத்திலேயே ஈ.பி., அதாவது டிக்ரியை நிறைவேற்றித் தரக் கேட்கும் மனு, போட்டாலும் போதும். அதற்கு அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. நீ கையெழுத்துப் போடாவிட்டால் பத்திரம் நின்றுவிடும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நிற்காது. அவள் தரப்பு வரைவுப் பத்திரம் தாக்கல் செய்யும், ஆட்சேபம் உண்டா என்று உனக்கு நோட்டீஸ் வரும். அதற்கும் நீ அசையவில்லை என்றால் உனக்குப் பதிலாக நீதிபதியே கையெழுத்துப் போடுவார். 'இன்னாருக்காக, இன்ன நீதிமன்ற நீதிபதி' என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். நீ போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு அதற்கும் உண்டு. ஃபிளாட் எப்படியும் போய்விடும், டிக்ரியை மதிக்காதவன் என்ற பெயர்தான் உனக்கு மிஞ்சும்.

நண்பன் பேருக்கு முன்கூட்டியே கிரயம் செய்துவிடலாம் என்ற யோசனையை விட்டுவிடு. டிக்ரி நிறைவேறும் வரை வழக்கு நிலுவையில் இருப்பதாகத்தான் கணக்கு. வாங்குகிறவனையும் அந்த டிக்ரி கட்டுப்படுத்தும், பாவம் அவன் பணம் முடங்கும்.

நீ அவளுக்குத் தர வேண்டிய தவணைப் பணத்தை வசூலிக்க வேறு வழி இருக்கிறது. உன் கம்பெனிக்கே உத்தரவு போகும். சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உனக்கு, மற்றது கோர்ட்டுக்கு. சொத்தை ஜப்தி செய்வதானால் வாசலில் உத்தரவை ஒட்டி, ஊரறிய அறிவிப்பார்கள். என் காலத்தில் தண்டோரா போடுவோம், தமுக்குச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். நல்ல சம்பளக்காரர்கள் வாசலில் தலை குனிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை வாசலுக்கு அப்படி ஒரு அமீனா வரக்கூடாது.

பணமில்லாதவனைக் கடனுக்காகச் சிறையில் போடக்கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். வசதி இருந்தும் கொடுக்காதவனுக்கு அது பொருந்தாது. சிவில் சிறை மூன்று மாதம் வரை. இருந்துவிட்டு வந்தாலும் கடன் அப்படியே நிற்கும்.

அவள் நகைகளை அம்மா பட்டியலோடு சரிபார்த்து எடுத்து வைத்துவிட்டாள். அதில் ஒரு பொட்டுத் தங்கம்கூட நம் வீட்டில் தங்கக் கூடாது. பெண்ணின் சீதனம் அவளுடையது, திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடி என்று 1985இலேயே பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. சட்டத்தை விடு, அவள் இந்த வீட்டில் விளக்கேற்றிய பெண். உன் வருத்தம் எனக்கும் இருக்கிறது. அதற்காக அவள் பங்கைப் பிடித்து வைப்பது நியாயமில்லை.

பணம் புரட்ட நாளாகும் என்றால் சும்மா இருக்காதே. வக்கீல் மூலமாக அவள் தரப்பிடம் பேசி, இருவரும் சேர்ந்து அவகாசம் கேட்டு மனு போடுங்கள். ஃபிளாட்டுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஆதார், பான், மூலப் பத்திரம், டிக்ரி நகல் எடுத்துக்கொண்டு வா. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு நானும் வருகிறேன். பெங்களூரிலிருந்து பஸ் டிக்கெட் போட்டதும் அம்மாவுக்குச் சொல்லு, அவள் சாப்பிடாமல் காத்திருப்பாள்.

அன்புடன்,
அப்பா